இசைக்கு இனம் உண்டா?

பள்ளியின் பண்பாட்டு விழாவுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. மண்டபத்தின் ஒரு மூலையில் தமிழ் மாணவர்கள் சிலர் உறுமி மேளம் பழகிக்கொண்டிருந்தனர். நெடுநேரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சீன மாணவன் ஒருவன், இடைவேளையில் தரையில் வைத்திருந்த உறுமியை மெல்லத் தட்டிப் பார்த்தான். “அது எங்கள் இசை. உனக்கு வராது,” என்றான் குழுவில் ஒருவன். யாரும் கோபப்படவில்லை, சிலர் சிரித்தனர். தட்டிய கை மட்டும் சட்டென்று பின்வாங்கியது.

மாணவர்களே, அந்தப் பேச்சில் இரண்டு வாக்கியங்கள் உள்ளன. ‘எங்கள் இசை’ என்பது ஒன்று. ‘உனக்கு வராது’ என்பது மற்றொன்று. அடுத்தடுத்து வருவதால் இரண்டும் ஒரே பொருளைத் தருவனபோல் தோன்றுகின்றன. ஆனால், முதலாவது வரலாற்றைப் பற்றியது. இரண்டாவது பிறப்பைப் பற்றியது. ஓர் இசையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த சமூகம், அதனை ‘எங்கள் இசை’ என்று பெருமையோடு சொல்லலாம். ஆனால், அச்சமூகத்தில் பிறவாதவருக்கு அவ்விசை வராது என்று சொல்ல முடியுமா? இதற்கு விடை காண, முதலில் அமெரிக்காவில் ஓர் இசைக்கருவிக்கு நேர்ந்ததைப் பார்ப்போம்.

கடல் கடந்த கருவி

அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசை என்றதும், அகன்ற தொப்பி அணிந்த வெள்ளையர் ஒருவர் கிட்டாருடன் நிற்கும் காட்சியே பலரின் நினைவுக்கு வரும். அவர் அருகில் இன்னொருவர் பான்ஜோ வாசித்துக்கொண்டிருப்பார். வட்டமான தோற்பரப்பும் நீண்ட கழுத்தும் கொண்ட கம்பிக் கருவி அது. கன்ட்ரி இசையின் அடையாளங்களுள் ஒன்றாகவே அது கருதப்படுகிறது. ஆனால், அதன் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா ஆகிய நாடுகளில் வாழும் ஜோலா இன மக்கள் ‘அக்கோன்டிங்’ என்னும் கருவியை இன்றும் இசைக்கின்றனர். சுரைக்குடுக்கையின் மேல் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நீண்ட கோல் ஒன்றைப் பொருத்தி, அதில் மூன்று நரம்புகளைப் பூட்டியிருப்பார்கள். இதைப் போன்ற கருவிகள் அப்பகுதியில் இன்னும் பல உண்டு. அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களிடம் உடைமை என்று எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும், கருவி செய்யும் அறிவும் காதில் நின்ற இசையும் அவர்களோடு சென்றன. கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் கிடைத்த பொருள்களைக் கொண்டு அவர்கள் பான்ஜோவை உருவாக்கினர். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன், 1785இல் வெளிவந்த தமது நூலில், இது கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருவி என்றே குறிப்பிட்டுள்ளார்.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்களும் பான்ஜோவைக் கற்றனர். கற்றதில் தவறில்லை. ஆனால், அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஒருவகை மேடை நிகழ்ச்சியில், வெள்ளையினக் கலைஞர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, பான்ஜோ வாசித்தபடியே கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிப் பாடினர். கருவியை உருவாக்கியவர்களே அந்த மேடையில் கேலிப்பொருளாயினர்.

இரண்டு பட்டியல்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சட்டமே மக்களைப் பிரித்து வைத்திருந்தது. பள்ளிக்கூடம், உணவகம், இரயில் பெட்டி என எல்லாவற்றிலும் கறுப்பினத்தவருக்குத் தனி இடம்தான். ஆனால், இசைக்கு வேலி போட முடியவில்லை. இரு இனத்தவரும் பிடில், பான்ஜோ, கிட்டார் ஆகியவற்றை வாசித்தனர். ஒருவர் மெட்டை மற்றவர் கேட்டார். கேட்டதைத் தம் வீட்டு நடன விருந்தில் வாசித்தார்.

அந்நிலையில், 1920இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் ‘புளூஸ்’ இசைத்தட்டு வெளிவந்து பேரளவில் விற்பனையானது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை நிறுவனங்கள் அப்போதுதான் உணர்ந்தன. விற்பனையை எளிதாக்க, அவை பாடல்களை இரண்டு பட்டியல்களாகப் பிரித்தன. கறுப்பினத்தவருக்கு விற்கப்பட்டவை ‘இன இசைத்தட்டுகள்’ எனப்பட்டன. நாட்டுப்புற வெள்ளையர்களுக்கு விற்கப்பட்டவை ‘ஹில்பில்லி’ முதலிய பெயர்களில் வெளிவந்தன.

இந்தப் பிரிவினை இசையின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. கடைக்காரரின் வசதிக்காக உண்டாக்கப்பட்டது. ஆயினும், அதன் விளைவு பெரிது. கறுப்பினக் கலைஞர்களிடம் நிறுவனங்கள் பெரும்பாலும் புளூஸ் பாடல்களையே எதிர்பார்த்தன. பிடிலும் பான்ஜோவும் வாசித்த கறுப்பினக் குழுக்களுள் மிகச் சிலவே பதிவு செய்யப்பட்டன. பின்னர் வந்த தலைமுறையினர் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டபோது, அவற்றில் பான்ஜோ வாசித்தவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையராக இருப்பதைக் கண்டனர். பதிவாகாததை, இல்லாதது என்று எண்ணிவிட்டனர். 1949இல் ‘பில்போர்டு’ இதழ் ‘இன இசைத்தட்டுகள்’ என்ற பெயரைக் கைவிட்டு, ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரைச் சூட்டியது. ஹில்பில்லி இசை காலப்போக்கில் ‘கன்ட்ரி’ எனப் பெயர் பெற்றது. பெயர்கள் மாறின, இடையில் இருந்த சுவர் அப்படியே நின்றது.

சுவரைத் தாண்டியவர்கள்

அந்தச் சுவருக்கு நடுவே அகப்பட்டவர்களுள் டிஃபோர்ட் பெய்லி ஒருவர். டென்னசி மாநிலத்தில் 1899இல் பிறந்த இக்கறுப்பினக் கலைஞர், மவுத் ஆர்கன் வாசிப்பதில் வல்லவர். இரயில் வண்டி நெருங்கி வந்து விரைந்து செல்வதை அச்சிறு கருவியில் அப்படியே கேட்கச் செய்வார். ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்னும் புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரங்களுள் அவரும் ஒருவர். வானொலியில் அவர் வாசிப்பைக் கேட்டு மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், வெளியூர்களுக்குச் சென்றபோது, உடன் வந்த வெள்ளையினக் கலைஞர்கள் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1941இல் அவர் அந்நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு, நாஷ்வில் நகரில் காலணி மெருகேற்றும் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் அவர் மறைந்தார். கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2005இல்தான்.

சார்லி பிரைட் என்னும் கறுப்பினப் பாடகரின் முதல் இசைத்தட்டு 1966இல் வெளிவந்தது. வானொலி நிலையங்களுக்கு அதனை அனுப்பியபோது, அவருடைய படத்தை உடன் அனுப்பவில்லை. குரலை மட்டும் கேட்டவர்கள் அதனை விரும்பினர். அவர்கள் காதுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் உயரிய விருது அவருக்கே கிடைத்தது. முகத்தைப் பார்த்த பிறகுதான் ஓர் இசை பொருந்தாமல் போகிறது என்றால், குறை குரலில் இல்லை. பார்க்கும் கண்ணில்தான் இருக்கிறது.

இதே வரலாற்றில் நல்ல பக்கங்களும் உண்டு. கன்ட்ரி இசையின் மாபெரும் கலைஞராகப் போற்றப்படும் ஹாங்க் வில்லியம்ஸ், சிறுவனாக இருந்தபோது ரூஃபஸ் பெயின் என்னும் கறுப்பினத் தெருப்பாடகரிடம் கிட்டார் கற்றார். புகழ்பெற்ற பின்னும் அவர் தம் ஆசானை மறக்கவில்லை. அவரிடம் கற்றதை வெளிப்படையாகவே சொன்னார். அண்மையில், 2025ஆம் ஆண்டின் கிராமி விழாவில், பியான்சே சிறந்த கன்ட்ரி இசைத்தொகுப்புக்கான விருதைப் பெற்றார். அதனைச் சிலர் புதுமை என்றனர். பான்ஜோவின் கதையை அறிந்தவர்களோ, அதனை வீடு திரும்பல் என்றே கருதுவர்.

மலாக்காவில் ஒரு பாட்டு

இனி, நம் நாட்டுப் பக்கம் வருவோம். மலாக்காவில் ‘டொன்டாங் சாயாங்’ என்னும் பாட்டு மரபு இருக்கிறது. நான்கு அடிகள் கொண்ட ‘பந்துன்’ கவிதையை ஒருவர் பாடுவார். அதே கருப்பொருளில் மற்றொருவர் உடனே பதில் பாட வேண்டும். வயலின், ரெபானா, கோங் ஆகிய கருவிகள் துணையாக ஒலிக்கும்.

மலாய்க்காரர், பாபா நோன்யா சமூகத்தினர், மலாக்கா செட்டிகள், போர்த்துகீசிய வழித்தோன்றல்கள் ஆகிய நான்கு சமூகத்தினரும் இப்பாட்டைத் தங்கள் மரபாகப் போற்றுகின்றனர். மலாக்கா செட்டிகள், மலாக்கா சுல்தானக காலத்தில் இங்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். மலாய் மொழி பேசி, இந்து சமயத்தைப் பின்பற்றி வாழ்கின்றனர். 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் டொன்டாங் சாயாங்கை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

பந்துன் மலாய்க் கவிதை வடிவம் என்பதையோ, வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதையோ யாரும் மறைப்பதில்லை. அதே வேளையில், பாட முன்வருபவரின் இனம் அங்கே தடையாவதும் இல்லை. அவருக்குச் சட்டென்று பதில் பாட்டுக் கட்டத் தெரியுமா என்பதே தேர்வு.

வயலின் என்றதும் நம் கருநாடக இசையும் நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு போன்றோர் இந்த ஐரோப்பியக் கருவியைக் கற்றுத் தமிழகக் கச்சேரிகளுக்குக் கொண்டுவந்தனர். நின்று வாசிக்கப்பட்ட கருவி தரையில் அமர்ந்தது; அதன் தலைப்பகுதி கலைஞரின் பாதத்தில் சாய்ந்தது; கம்பிகளின் சுருதியும் மாறியது. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே அரிது. ‘அது எங்கள் கருவி, உங்களுக்கு வராது’ என்று ஐரோப்பியர் சொல்லி, நம் முன்னோரும் அதனை நம்பியிருந்தால், நம் இசைக்கு எவ்வளவு பெரிய இழப்பு நேர்ந்திருக்கும்!

உரிமையும் கதவும்

“சிறு வயது முதல் ஓர் இசையைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது எளிதில் வருமே?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், அது வளர்ப்பின் பயன். இரத்தத்தின் பயன் அன்று. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியை உறுமச் செய்யும் வித்தை, எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் பிறக்கும்போதே வருவதில்லை. தோள் வலிக்க வலிக்கப் பழகித்தான் வருகிறது.

இசையும் இனமும் சந்திக்கும் இடத்தில் இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. ‘இசை எல்லாருக்கும் பொது, யார் உருவாக்கினால் என்ன?’ என்று கூறி, உருவாக்கியவர்களை மறந்துவிடுவது முதல் தவறு. ‘எங்கள் இனத்தில் பிறவாதவருக்கு இங்கே இடமில்லை,’ என்று கதவைச் சாத்துவது இரண்டாவது தவறு. பான்ஜோவின் கதையில் இரண்டும் ஒரே மக்களுக்கு நேர்ந்தன. முதலில் அவர்களின் கருவி எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு அக்கருவி ஒலித்த வீட்டுக்குள்ளேயே அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது.

ஆகவே, பிறர் இசையைக் கற்பவருக்கு ஒரு கடமை உண்டு. அது யாருடைய உழைப்பில் உருவானது, எந்தச் சூழலில் இசைக்கப்படுகிறது என்பதை அறிந்து மதிக்க வேண்டும். உறுமியைக் கற்க வரும் நண்பன், அது தைப்பூசக் காவடிகளோடு ஒலிக்கும் பக்தி இசையாகவும் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அவனுக்குச் சொல்லித்தருவது யார்? ‘எங்கள் இசை’ என்று சொல்லும் உரிமை உடையவர்களே சொல்லித்தர வேண்டும். பிறரை விலக்கி வைப்பதைவிட, அறிந்தவற்றைக் கற்றுக்கொடுப்பதே அந்த உரிமைக்கு அழகு.

பள்ளி மண்டபத்தில் பேசப்பட்ட அந்த இரண்டு வாக்கியங்களுக்குத் திரும்புவோம். முதல் வாக்கியத்தை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவதை மட்டும் மாற்றினால் போதும்.

“அது எங்கள் இசை. வா, சொல்லித் தருகிறேன்.”

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. ‘எங்கள் இசை’, ‘உனக்கு வராது’ ஆகிய இரண்டு கூற்றுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. இசைத்தட்டு நிறுவனங்களின் இரண்டு பட்டியல்கள், பான்ஜோவின் வரலாற்றை மக்கள் மறக்க எவ்வாறு காரணமாயின?

3. “பதிவாகாததை, இல்லாதது என்று எண்ணிவிட்டனர்.” இக்கூற்று உங்கள் குடும்பத்தின் அல்லது ஊரின் இசை மரபுக்குப் பொருந்துமா? எடுத்துக்காட்டுடன் எழுதுக.

4. உங்கள் பள்ளியின் இசைக்குழுவில் பிற இன மாணவர்களைச் சேர்ப்பதாயின், அவர்களுக்கு எவற்றைக் கற்றுத்தருவீர்கள்? குழுவில் கலந்துரையாடுக.