கடன் உடன்படிக்கையில் கையொப்பமிடுமுன்: தேவையற்ற அச்சமும் தேவையான எச்சரிக்கையும்

கடனட்டை நிலுவை, வங்கிக் கடன், கவுன்சில் வரி பாக்கி ஆகியவை ஒன்றுசேர்ந்து மாத வருமானத்தை மிஞ்சும்போது, பல குடும்பங்கள் அதனை வெளியில் சொல்வதில்லை. பிரிக்கப்படாத கடிதங்கள் இழுப்பறையில் சேர்கின்றன. சீட்டை முன்கூட்டியே எடுத்தோ, உறவினரிடம் கைமாற்று வாங்கியோ அந்த மாதம் சமாளிக்கப்படுகிறது. பின்னர் ஒரு நாள், “அரசாங்கத் திட்டம், கடனில் பெரும்பகுதி தள்ளுபடி” என்னும் விளம்பரம் கைபேசியில் தோன்றுகிறது. அவ்விலக்கத்தை அழைத்தால், ஐவிஏ என்னும் உடன்படிக்கையில் கையொப்பமிடுமாறு கேட்கப்படுகிறது.

அந்த நிலையில் எழும் அச்சம் இயல்பானது. ஆனால் அவ்வச்சத்தில் இரண்டு பகுதிகள் கலந்துள்ளன. ஒன்று அடிப்படையற்றது, உதவி தேடவிடாமல் தடுப்பது. மற்றொன்று நியாயமானது, அவசரப்பட்டுக் கையொப்பமிடாமல் காப்பது. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இது இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய பொதுத் தகவல். உங்கள் நிலைமைக்கேற்ற ஆலோசனைக்கு இது ஈடாகாது.

ஐவிஏ என்பது யாது?

இதனைத் தமிழில் ‘தனிநபர் தன்விருப்ப ஏற்பாடு’ எனலாம். 1986ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் இதற்கு வழிசெய்தது. ‘தன்விருப்பம்’ என்னும் சொல் சிலரைத் தவறாக எண்ணச் செய்கிறது. இதனுள் நுழைவதே உங்கள் விருப்பம்; அங்கீகரிக்கப்பட்ட பின் அது உங்களையும் கடன் கொடுத்தோரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும்.

உரிமம் பெற்ற கடன்தீர்வு வல்லுநர் ஒருவர், அதாவது ஆங்கிலத்தில் இன்சால்வென்சி பிராக்டிஷனர் எனப்படுபவர், உங்கள் வரவு செலவை ஆராய்ந்து முன்மொழிவைத் தயாரிப்பார். மாதந்தோறும் உங்களால் இயன்ற தொகையை, பொதுவாக ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்குச் செலுத்துவீர்கள். அவர் தம் கட்டணத்தைக் கழித்து, மீதியைக் கடன் கொடுத்தோருக்குப் பகிர்ந்தளிப்பார். நிபந்தனைகளை நிறைவேற்றி முடித்தால், ஏற்பாட்டில் அடங்கிய கடன்களில் எஞ்சியது தள்ளுபடியாகும். வீட்டு அடமானக் கடன், நீதிமன்ற அபராதம், பிள்ளைப் பராமரிப்புத் தொகை, மாணவர் கடன் ஆகியவற்றுக்கு இது தீர்வாகாது.

வாக்கெடுப்பு நடைபெறும் முறை

முன்மொழிவைக் கடன் கொடுத்தோர் ஏற்க வேண்டும். இங்கே எண்ணப்படுவது தலைகள் அல்ல, தொகை. வாக்களித்தோருக்குரிய கடன் தொகையில் 75 சதவீதம் ஆதரவாக இருத்தல் வேண்டும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவருக்கு மொத்தம் 20,000 பவுண் கடன் உள்ளது: முதல் வங்கிக்கு 8,000, இரண்டாம் வங்கிக்கு 6,000, கடனட்டை நிறுவனத்துக்கு 4,000, மைத்துனருக்கு 2,000. மாதம் 150 பவுண் வீதம் 60 மாதங்கள், மொத்தம் 9,000 பவுண் செலுத்துவதாக அவர் முன்மொழிகிறார். நால்வரும் வாக்களித்து, கடனட்டை நிறுவனம் மட்டும் எதிர்த்தால் ஆதரவு 80 சதவீதம், முன்மொழிவு நிறைவேறும். எதிர்த்த நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். மாறாக முதல் வங்கி மட்டும் எதிர்த்தால் ஆதரவு 60 சதவீதமே; முன்மொழிவு தோற்கும். உறவினரின் வாக்குகளைக் கொண்டு மட்டும் வெல்ல இயலாதவாறு, உறவு சாராத கடன் கொடுத்தோரின் வாக்கைத் தனியே கணக்கிடும் விதியும் உண்டு.

விட்டுவிட வேண்டிய அச்சங்கள்

“சிறைக்கு அனுப்பிவிடுவார்களா?” இலண்டனில் ஒரு காலத்தில் அது நிகழ்ந்தது. எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்சின் தந்தை 1824இல் சவுத்வார்க் பகுதியின் மார்ஷல்சி சிறையில் கடனுக்காக அடைக்கப்பட்டார். அச்சிறை 1842இல் மூடப்பட்டது. 1869ஆம் ஆண்டின் கடனாளர் சட்டம் அவ்வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தது. கடனட்டைக்கோ வங்கிக் கடனுக்கோ இன்று எவரும் சிறை செல்வதில்லை. வசதி இருந்தும் நீதிமன்ற அபராதத்தை அல்லது, இங்கிலாந்தில், கவுன்சில் வரியை வேண்டுமென்றே செலுத்த மறுப்பது வேறு விடயம்.

“ஊரெல்லாம் தெரிந்துவிடுமா?” தமிழ்நாட்டில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்’ என்றும், யாழ்ப்பாணத்தில் ‘வங்குரோத்து ஆனவர்’ என்றும் சொல்லும்போது அதில் ஓர் இழிவு ஒலிக்கிறது. ஐவிஏ வங்குரோத்து அன்று. வங்குரோத்து ஆணை இலண்டன் கசெட் என்னும் அரசு இதழில் வெளியிடப்படும். ஐவிஏ அவ்வாறு வெளியிடப்படுவதில்லை. எனினும், இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய தனிநபர் நொடிப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் இடம்பெறும். ஏற்பாடு முடிந்து மூன்று மாதங்களில் நீக்கப்படும். உங்கள் முகவரி வெளியானால் வன்முறைக்கு ஆளாகும் ஆபத்து இருப்பின், அதனை மறைக்க நீதிமன்றத்தை நாடலாம்.

“குடியுரிமை கிடைக்காமற் போகுமா?” கடன் இருப்பது மட்டுமே வழமையாக மறுப்புக்குக் காரணமாவதில்லை. பொறுப்பின்றிக் கடனைப் பெருக்கி, அடைக்க எம்முயற்சியும் செய்யாதிருப்பதே எதிராகக் கொள்ளப்படும். விண்ணப்பம் நிலுவையிலிருந்தால் குடிவரவு ஆலோசகரிடமும் கேளுங்கள்.

“கணவரின் கடன் மனைவியைச் சேருமா?” திருமணத்தால் மட்டும் சேராது. ஆனால் இருவரும் சேர்ந்து கையொப்பமிட்ட கடனாயின், ஒருவர் ஐவிஏயில் நுழைந்ததும் முழுத் தொகையையும் மற்றவரிடம் கேட்கலாம். இதனை முன்கூட்டியே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

மனத்திற் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

முதலாவது, காலம். ஐந்தாண்டு என்பது நீண்ட காலம். அதற்குள் வேலை நேரம் குறையலாம், வாடகை உயரலாம், ஊரில் மரணம் நேர்ந்து பயணம் செய்ய நேரலாம். எல்லாம் நன்றாக நடக்கும் மாதத்தை வைத்துத் தவணையைக் கணக்கிடாதீர்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். அது செலவாக ஏற்கப்படுமா என்பதைக் கேட்டறியுங்கள். ஏற்கப்படாவிட்டால், அதனை நிறுத்த உங்களால் இயலுமா என்பதே உண்மையான கேள்வி.

இரண்டாவது, தோல்வி. தவணைகள் தவறி ஏற்பாடு முறிந்தால், கடன் கொடுத்தோர் மீண்டும் உங்களைத் தொடரலாம், வங்குரோத்துக்கும் வழிவகுக்கலாம். அதுவரை கட்டணமாகக் கழிக்கப்பட்ட பணம் திரும்பாது. வருமானம் குறையும் நாளிலேயே மேற்பார்வையாளருக்குத் தெரிவித்தால் தவணையை மாற்றவோ சிறிது காலம் நிறுத்தவோ இடமுண்டு. மௌனமே பெரும் ஆபத்து.

மூன்றாவது, சொத்து. தங்க நகை, ஊரிலுள்ள காணி, கூட்டாக வாங்கிய வீடு ஆகிய அனைத்தையும் அறிவித்தல் வேண்டும். சொந்த வீடு உள்ளோரிடம், இறுதி ஆண்டில் வீட்டின் பெறுமதியிலிருந்து பணம் திரட்டுமாறு கேட்கப்படலாம். அது இயலாவிடின் ஓராண்டு கூடுதலாகச் செலுத்த நேரலாம். இடையில் கிடைக்கும் முதுசொம், ஊதிய உயர்வு ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, உறவினர் கடன். நம்மவர் பலருக்கு வங்கியைவிட மைத்துனரிடம் பட்ட கடனே மனத்தை அரிக்கிறது. ஆகவே முதலில் அவருக்கு முழுவதும் கொடுத்துவிட்டுப் பின்னர் உதவி தேட எண்ணுகின்றனர். நோக்கம் நல்லதே, விளைவு தீதாகலாம். பின்னர் வங்குரோத்து நேர்ந்தால், நெருங்கிய உறவினருக்குச் சலுகையாகக் கொடுத்த பணத்தை இரண்டாண்டு வரை பின்னோக்கி ஆராய்ந்து, அவரிடமிருந்தே மீட்கச் சட்டம் இடமளிக்கிறது. ஐவிஏ முன்மொழிவிலும் அதனைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் பார்வையில் மைத்துனரின் 2,000 பவுணும் வங்கியின் 8,000 பவுணும் ஒரே தன்மையன. எடுத்த சீட்டுக்குக் கட்டவேண்டிய பாக்கியும் கடனே. அதையும் பட்டியலிற் சேருங்கள்.

ஐந்தாவது, கடன் வரலாறு. ஆறு ஆண்டுகளுக்கு அதில் பதிவு இருக்கும். புதிய கடனோ வாடகை வீடோ பெறுதல் கடினமாகலாம். கணக்காளர், வழக்கறிஞர், நிதித்துறை ஊழியர் ஆகியோர் தம் வேலை ஒப்பந்தத்தையும் பார்த்தல் வேண்டும். கடை நடத்துவோர் ஐவிஏயின்போதும் வணிகத்தைத் தொடரலாம்.

வேறு வழிகளும் உண்டு

மூச்சுவிடும் காலம்: 2021 மே 4 முதல் நடைமுறையிலுள்ளது. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால், தகுதியான கடன்களின் வட்டியும் அறவீட்டு நடவடிக்கையும் 60 நாள்கள் நிறுத்தப்படும். நடப்பு வாடகை, கவுன்சில் வரி, மின்கட்டணம் ஆகியவற்றைத் தொடர்ந்து செலுத்த வேண்டும். மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுவோருக்கு இதனினும் நீண்ட பாதுகாப்பு உண்டு.

கடன் நிவாரண ஆணை: கடன் 50,000 பவுணுக்கு மேற்படாமலும், அவசியச் செலவு போக மாதம் 75 பவுணுக்கு மேல் மிஞ்சாமலும், சொத்து 2,000 பவுணுக்கு மேற்படாமலும் இருப்போருக்கு உரியது. 4,000 பவுண் வரை பெறுமதியுள்ள வாகனம் ஒன்று தனியே அனுமதிக்கப்படும். வீட்டு உரிமையாளருக்குப் பொருந்தாது. நகையின் பெறுமதியும் கணக்கில் வரும். 2024 ஏப்ரல் முதல் கட்டணமில்லை. 12 மாதங்கள் கழிந்ததும் அதில் அடங்கிய கடன்கள் தள்ளுபடியாகும். இதற்குத் தகுதியுள்ள ஒருவர் ஐந்தாண்டு ஐவிஏயில் சேர்ந்தால், தேவையின்றிப் பல ஆயிரம் பவுண் செலுத்த நேரும்.

கடன் மேலாண்மைத் திட்டம்: குறைந்த தவணையில் அடைக்கும் ஏற்பாடு. சட்டக் கட்டுப்பாடு இல்லை. விலகுவது எளிது, ஆனால் கடன் கொடுத்தோர் வட்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

வங்குரோத்து: விண்ணப்பக் கட்டணம் 680 பவுண். பொதுவாக 12 மாதங்களில் விடுவிப்பு. வீடு உள்ளோருக்கு ஆபத்து மிகுதி.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

1. கடன் நிவாரண ஆணைக்கு நான் தகுதியுடையவனா? இல்லையெனில் ஏன்?
2. மொத்தம் எவ்வளவு செலுத்துவேன்? அதில் கட்டணம் எவ்வளவு?
3. எந்தக் கடன்கள் இதில் அடங்கா?
4. என் வீடு, நகை, ஊர்க் காணி என்னவாகும்?
5. வேலை இழந்தால் என்ன செய்யலாம்?
6. என் பெயரில் முன்மொழிவு தயாரிக்கும் வல்லுநர் யார்? அவர் உரிமம் பெற்றவரா?

விடைகளை எழுத்தில் பெறுங்கள். விளம்பரத்தில் அழைப்பவர் பெரும்பாலும் அந்த வல்லுநர் அல்லர். வாடிக்கையாளரை ஐவிஏக்கு அனுப்பித் தரகுப்பணம் பெற்றுவந்த இடைநிறுவனங்களுக்கு நிதி நடத்தை ஆணையம் 2023 அக்டோபரில் தடை விதித்தது. அவசரப்படுத்துபவரை ஐயுறுங்கள்.

இலவச ஆலோசனை

சிட்டிசன்ஸ் அட்வைஸ் வாண்ட்ஸ்வர்த், நேஷனல் டெட்லைன் (0808 808 4000), ஸ்டெப்சேஞ்ச் (0800 138 1111) ஆகியவை கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனில், சந்திப்பைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெற்றோரின் கடன் விவரம் முழுவதையும் பிள்ளை சுமக்க நேரும். பிள்ளை முன்னிலையில் நீங்களும் சிலவற்றைச் சொல்லாமல் விடுவீர்கள். விடுபட்ட கடன் பின்னர் சிக்கலாகும்.

உரிமமின்றி வட்டிக்கு விடும் தொழில் நடத்துபவர் மிரட்டினால், குற்றம் அவருடையது. கடன் வாங்கியவருடையது அன்று. 0300 555 2222 என்னும் இலக்கத்தில் இரகசியமாக முறையிடலாம். மனச்சுமை தாங்க இயலாத வேளையில் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 இல் எந்நேரமும் அழைக்கலாம்.

கவுன்சில் வரி பாக்கி இருப்பின், உங்களுக்குக் கடன் கொடுத்தோருள் இக்கவுன்சிலும் ஒன்று. அதனாற் கூச்சப்பட வேண்டாம். நினைவூட்டல் கடிதம் வந்தவுடன் வரிப் பிரிவுடன் பேசுங்கள். நீதிமன்றச் செலவு சேருமுன் தவணை கேட்பது எளிது. வரிக் குறைப்புக்குத் தகுதி உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றே: இழுப்பறையிலுள்ள கடிதங்களைப் பிரித்து, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளுடன் ஆலோசகரிடம் செல்லுங்கள். கையொப்பத்தை அதன் பின்னர் தீர்மானிக்கலாம்.