மல்லாட்டை ஒப்பந்தத்தில் ஒரு வரி

நம்ம விருத்தாசலம் கமிட்டியில மல்லாட்டை மூட்டையை இறக்கினால், எடையில் தகராறு வந்தாலும் பணம் வருவதில் இழுபறி ஆனாலும் கண்காணிப்பாளர் மேசை முன்னால் நின்று பேசிடலாம். சரக்கும் அங்கேயே இருக்கு, வாங்கினவரும் அங்கேயே இருக்கார்.

போன மாதம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிப் பிள்ளைகள் ஒரு ஏற்றுமதி ஒப்பந்த நகலைக் கொண்டுவந்தார்கள். இயற்கை எள்ளும் மல்லாட்டைப் பருப்பும். "விலை நல்லா இருக்கு சார், கையெழுத்துப் போட்டுடலாமா?" வங்கியில் இருந்த பழக்கம், கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். அங்கே ஒரு வரி: மற்ற நிபந்தனைகள் ஃபோஸ்ஃபா படிவப்படி, தகராறுக்கு லண்டனில் மத்தியஸ்தம்.

ஃபோஸ்ஃபா என்பது எண்ணெய், எண்ணெய் வித்து வியாபாரிகளின் உலகச் சங்கம். தானியத்துக்கு காஃப்டா. இரண்டுக்கும் தலைமையிடம் லண்டன். அந்த ஒரு வரியைப் போட்டதும் அவர்களின் அச்சடித்த படிவம் முழுக்க, நாம் படிக்காமலே, நம் ஒப்பந்தமாகிவிடும். தீர்ப்புச் சொல்பவர் நீதிபதி இல்லை, அதே வியாபாரத்தில் ஊறியவர். மேல்முறையீடும் சங்கத்துக்குள்ளேயேதான். கெடு தாண்டினால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கேட்க ஆளில்லாமல் போகலாம்.

இதில் சிக்கினவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. 1980 ஜனவரியில் நாஃபெட், அதாவது நம் தேசியக் கூட்டுறவு விற்பனை இணையம், அலிமென்டா என்ற ஜெனீவா கம்பெனிக்கு 5,000 டன் பொறுக்குப் பருப்பு தர ஒப்பந்தம் போட்டது. விலை டன்னுக்கு 765 டாலர். போனது 1,900 டன். சௌராஷ்டிராவில் புயல் அடித்து விளைச்சல் கெட்டது. மீதி 3,100 டன்னை அடுத்த பருவத்தில் தருவதாக ஆகஸ்டில் ஒரு துணை ஒப்பந்தம். அந்தப் பாக்கியை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும். அதைக் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அரசு மறுத்தது. அதற்குள் உலகச் சந்தையில் விலை ஏறிக் கிடந்தது. ஃபோஸ்ஃபா 1989-ல் போட்ட நஷ்டஈடு 46,81,000 டாலர். 3,100-ஆல் வகுத்துப் பாருங்க, டன்னுக்கு 1,510! விற்ற விலையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டி தனி, மறு வருஷம் மேல்முறையீட்டில் அந்த வட்டியையும் 11.25 சதவீதமாக உயர்த்தினார்கள்.

2000-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு செல்லும் என்றது. 2020 ஏப்ரலில்தான் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. அரசு ஏற்றுமதியைத் தடுத்தால் அனுப்பாத பகுதி ரத்து என்று ஒப்பந்தத்தின் 14-ஆவது பிரிவில் இருந்ததுதான் காப்பாற்றியது. நாற்பது வருஷம்! அந்தத் தீர்ப்பைக் குறை சொல்லும் சட்ட வல்லுநர்களும் உண்டு. 1996 மத்தியஸ்தச் சட்டப்படி வெளிநாட்டுத் தீர்ப்புகள் இங்கே செல்லும் என்பதே பொது விதி; இது விலக்கு. நாஃபெட்டுக்குத் தாங்கச் சக்தி இருந்தது. நம்ம பங்குத்தொகை வக்கீலின் விமான டிக்கெட்டுக்குக் காணுமா?

அதற்காக வெளிநாட்டு விற்பனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படிவத்தை முழுசா வாங்கிப் படியுங்கள். தடையுத்தரவு, புயல் வந்தால் என்ன என்ற பிரிவைத் தேடுங்கள். இயற்கை விளைபொருளுக்கு இன்னொன்றும் இருக்கு. மருந்து எச்சம், பூஞ்சை நஞ்சு பார்க்க மாதிரி எடுப்பது ஏற்றும் துறைமுகத்திலா, இறக்கும் துறைமுகத்திலா? யார் எடுத்து முத்திரை வைப்பது, எந்த ஆய்வகம்? முத்திரை வைத்த மாதிரி ஒன்று நம் கையிலும் இருக்கணும். விளையாத சரக்கை அடுத்த பருவத்துக்குத் தள்ளும் கடிதத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க.

பிள்ளைகள் படிவம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சின்னத் தொகைத் தகராறை சென்னையிலேயே முடிக்கலாமா என்றும் கேட்கச் சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை. எள்ளு கிடங்கில்தான் இருக்கு.