கத்திரியில் பட்டென்று அணையும் கேமிங் கம்ப்யூட்டர்: கடைக்குத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடியும். லீவு நாட்களும் இவைதான். பகலில் வேலரண்ட், ராத்திரி ஜிடிஏ என்று கம்ப்யூட்டருக்கு ஓய்வே இருக்காது. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், காட்டாங்குளத்தூர் பக்கம் “விளையாடிக்கிட்டே இருக்கும்போது பட்டுனு ஆஃப் ஆயிடுது” என்ற புகார் கிளம்புகிற நேரமும் இதுவே. கடைக்குக் கொண்டுபோனால், “எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு, மாத்திடலாம்” என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் அந்தப் பெட்டி போயிருக்கலாம். ஆனால் காரணம் சூடா, கரண்டா என்பதை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எப்படி அணைகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. சில நிமிடங்கள் படம் திக்கித் திணறி, ஃபேன் இரைச்சல் ஏறி, அப்புறம் அணைந்தால் சூடு. பிராசஸர் தன் வரம்பைத் தொட்டதும் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வரம்பு பல இன்டெல் சிப்களில் 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் 95. அதற்கும் அடங்காவிட்டால்தான் மெஷினை நிறுத்தும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பெரிய சண்டைக் காட்சியில், பிளக்கைப் பிடுங்கிய மாதிரி அணைந்தால் கரண்ட் பக்கம் திரும்புங்கள். பவர் பட்டனுக்கு அசையாமல், பின்பக்க சுவிட்சை அணைத்துச் சற்று விட்டுப் போட்டால் மட்டும் எழுந்தால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள டிரிப் ஆகியிருக்கிறது. திரை மட்டும் இருண்டு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டையோ டிரைவரையோ சந்தேகியுங்கள். அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பில் தெரிந்ததும் எஸ்எம்பிஎஸ்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லவில்லை. அதைவிட, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘லாகிங்’ போட்டுவிட்டு விளையாடுங்கள். அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். பிராசஸர் 98 என்றால் சூடு. 70-ல் இருக்கும்போதே போனது என்றால் சூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

சூட்டுக் கணக்கு எளிது. அறை எவ்வளவு ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பிராசஸரும் ஏறும். மார்கழியில் 25 டிகிரி அறையில் 78-ல் ஓடியது, இப்போது 38 டிகிரி அறையில் 91-க்குப் போகும். நம் ஊர் கடலோரமில்லை. கடற்காற்று வந்து சேர நேரமாகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை என்றால், ராத்திரி பத்து மணிக்கும் கான்கிரீட் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். போதாததற்கு ஜிஎஸ்டி சாலையிலும் ஒரகடம் சாலையிலும் ஓயாத லாரிப் புழுதி. பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக வைத்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். அணையவில்லை என்றால் சூடுதான் காரணம். அதற்காகத் திறந்தே வைத்துவிடாதீர்கள், பல்லியும் எறும்பும் குடியேறிவிடும்.

சுத்தம் செய்ய பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டை பால்கனிக்குக் கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் ஃபேன் கெடும். கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துணிபோல் படிந்திருக்கும் தூசிதான் முக்கியக் குற்றவாளி. சில வருடங்கள் ஆன மெஷினில் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இனி கரண்ட். ராத்திரி எட்டு மணிக்கு மேல், தெருவில் எல்லா ஏசியும் ஓடத் தொடங்கிய பிறகு மட்டும் அணைகிறதா? 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனை அந்த நேரத்திலேயே வரச்சொல்லி அளந்து பாருங்கள். காலை பதினொரு மணிக்கு அளந்து பயனில்லை. வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டுக்கு எஸ்எம்பிஎஸ் அதிக ஆம்பியர் இழுக்கும், லூசான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகும். த்ரீ பேஸ் வீடாக இருந்தால் வேறு பேஸுக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவுக்கே லோ வோல்டேஜ் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-ல் சர்வீஸ் நம்பரைச் சொல்லிப் புகார் பதியுங்கள்.

யுபிஎஸ்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யுபிஎஸ் தாங்குவது 360 வாட்தான். வோல்டேஜ் சரிந்ததும் அது ‘டக்’கென்று பேட்டரிக்கு மாறும், பேட்டரி பழசாகியிருந்தாலோ லோடு அதிகமாக இருந்தாலோ அந்த நொடியே கைவிட்டுவிடும். அணைவதற்கு முன் அந்த ‘டக்’ கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கேட்டால், யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்தான் என்று உறுதியானால் அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். ‘450’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெருக்கினால் 216 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். 2020-ல் வந்த 3080, 3090 கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தம் அளவைத் தாண்டி இழுத்ததில் நல்ல எஸ்எம்பிஎஸ்களே டிரிப் ஆகின. புதிதாக வாங்கும் வரை ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதமாக இறக்கி, எஃப்பிஎஸ்ஸை 60-க்குப் பூட்டி ஆடலாம். இது சூட்டுக்கும் உதவும். புதிது வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன் நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லை. எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகச் சப்ளையில் பாதி வோல்டேஜ் கேபினட்டின் உடம்பில் நிற்கும். வாடகை வீடானாலும் ஓனரிடம் சொல்லி எர்த் போடவைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோடை இடிமழை சாயங்காலம் திடீரென்று வரும். முதல் இடிச் சத்தத்திலேயே பிளக்கையும் லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து, விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.