டிராக்டர் ஓட்டுவோரின் முழங்கால் வலியும் கிளச்சுப் பெடலும்

நெல் விளையும் ஜில்லாக்களில் சேற்றுழவு இக்காலத்தில் பெரும்பாலும் டிராக்டரைக் கொண்டே நடைபெற்று வருகின்றது. உழவு மாடு கால் நொண்டினால் குடியானவர் அன்றைக்கே அதை நுகத்தடியிலிருந்து அவிழ்த்து விடுவார். டிராக்டர் ஓட்டுபவர் நொண்டினாலோ, பருவம் தப்பிவிடும் என்னும் அவசரத்தில் அவரை மறுபடியும் ஸீட்டில் ஏற்றி விடுவதே வழக்கமாயிருக்கின்றது. ஓட்டுபவர் சம்பள ஆளாயினும் சரி, நிலச் சொந்தக்காரராயினும் சரி, நாற்பது வயதுக்கு மேல் இடது முழங்காலில் வலி கண்டால் அதை வயதின் கோளாறென்று தள்ளிவிடுகின்றனர். வயதும் ஒரு காரணந்தான். எனினும் அவ்வலியை வளர்க்கும் காரணங்களிற் பல டிராக்டரிலும், அதை ஓட்டும் முறையிலும் உள்ளன. அவற்றைக் குடியானவர் தம் கையாலேயே நீக்கிக்கொள்ளலாம்.

கிளச்சை ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை தடவை மிதிக்கிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் வெகு சிலரே. 300 அடி நீளமும் 145 அடி அகலமும் உள்ள துண்டு ஏறக்குறைய ஒரு ஏக்கராகும். இதில் 5 அடி அகலமுள்ள ரோட்டவேட்டரைக் குறுக்குவாக்கில் ஓட்டினால் 60 போக்குகள் ஆகும். திருப்பத்துக்குத் திருப்பம், நிறுத்தவும் பின்னுக்கு எடுக்கவும் முன்னுக்குச் செல்லவுமாக மூன்று மிதிகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு சாலுக்கு 180, இரு சாலுக்கு 360 மிதிகள். நாளொன்றுக்கு 5 ஏக்கர் ஓட்டுபவருக்கு இது 1,800 ஆகின்றது. அதே துண்டை நீளவாக்கில் ஓட்டினால் போக்குகள் 29 தான். 5 ஏக்கருக்கு இரு சாலும் சேர்த்து 870 மிதிகளோடு வேலை முடிந்துவிடும். இரண்டு மூன்று போக்குகளை இடைவிட்டு இறங்கி, விட்டவற்றைப் பிறகு எடுத்துக்கொண்டு, வரப்போரத்தைக் கடைசியில் சுற்றி ஓட்டி முடித்தால், பின்னுக்கு எடுக்கும் அவசியமே பெரும்பாலும் ஏற்படாது. மிதிகள் இன்னும் வெகுவாய்க் குறையும். டீஸலும் இதனால் மிச்சப்படும். சிறு சிறு துண்டுகளாய் வரப்புப் பிரிந்துள்ள நிலத்தில் இவ்வசதி கிடைப்பதரிது. அங்கே ஓட்டுபவருக்கு மற்ற விஷயங்களிலாவது சௌகரியம் செய்து கொடுக்கவேண்டும்.

ஸீட்டின் தூரம்

பெடலை அழுத்தும்போது தொடையின் முன்புறத் தசை முழங்கால் சில்லை இழுக்கின்றது. சில்லு தொடையெலும்பின் மேல் அழுந்துகின்றது. முழங்கால் எவ்வளவுக்கு மடங்கியிருக்கின்றதோ அவ்வளவுக்கு இவ்வழுத்தம் அதிகரிக்கும். எலும்பு முனைகளை மூடியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு வயதினாலோ, தேக பாரத்தினாலோ, பழைய காயத்தினாலோ தேய்ந்தவர்களுக்கு வலி இங்கேதான் தொடங்குகின்றது. ஆகையால் ஸீட்டு பெடலுக்கு மிக அருகில் இருப்பது கூடாது. மிகத் தள்ளியிருப்பதும் கூடாது. கால் எட்டாமல் பாதத்தின் நுனியால் எக்கி மிதிப்பவர் இடுப்பையும் கெடுத்துக்கொள்வார்.

சரியான தூரத்தை அறிவது சுலபம். முதுகு ஸீட்டின் சாய்மானத்தில் படும்படி உட்கார்ந்து, கிளச்சைத் தளம்வரை அழுத்திப் பார்க்கவேண்டும். அந்நிலையில் முழங்கால் விறைத்து நீளாமலும், அதிகம் மடங்காமலும், சற்றே வளைந்து நிற்கவேண்டும். குட்டையான ஆளாயிருந்து, ஸீட்டை முன்னுக்குத் தள்ளியும் எட்டாவிட்டால், சாய்மானத்தில் கெட்டியான திண்டு ஒன்று வைத்துக் கட்டலாம். ஓட்டுபவரின் எடைக்குத் தக்கபடி ஸீட்டின் ஸ்பிரிங்கைத் திருகி வைக்கும் பிடி அநேக டிராக்டர்களில் இருக்கின்றது. வாங்கிய நாள் முதல் ஒருமுறைகூட அது தொடப்படாமல் துருவேறிக் கிடப்பதைக் காண்பது சகஜம். ஒரே டிராக்டரைத் தகப்பனாரும் மகனும் மாறி மாறி ஓட்டும் வீடுகளில், ஏறும்போதெல்லாம் தத்தமக்கு ஏற்றபடி ஸீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெடலைச் சோதித்தல்

கிளச்சுப் பெடல் கனமாயிருக்கின்றது என்று ஓட்டுபவர் சொன்னால் அதைச் சோம்பேறித்தனமென்று கொள்ளலாகாது. சேற்றுழவுக் காலத்தில் பெடல் திரும்பும் தண்டுக்குள் சேறும் நீரும் புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும், பிறகு துருவேறும். அப்போது கிளச்சின் ஸ்பிரிங்கோடு இந்தத் துருவையும் சேர்த்து முழங்கால் தள்ளவேண்டியதாகின்றது. ஆகவே சேற்றுழவு நடக்கும் நாட்களில் மாலைதோறும் டிராக்டரைக் கழுவி, மேற்படி இடத்துக்குக் கிரீஸ் அடிக்கவேண்டும். கையால் அழுத்தி விட்டால் பெடல் தடையின்றித் தானே மேலெழும்ப வேண்டும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது பெடலின் வெற்றாட்டம். கையால் மெல்ல அழுத்தினால், கெட்டிப்படுவதற்கு முன் பெடல் சிறிது தூரம் சும்மா இறங்கும். இத்தூரம் ஏறக்குறைய 1 அங்குலத்திலிருந்து 1¼ அங்குலம் வரை இருப்பது பொது. சரியான அளவை அந்தந்த டிராக்டரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இது குறைந்தால் ரிலீஸ் பேரிங்கு ஓயாமல் சுழன்று தேயும். பிளேட்டும் வழுக்கிக் கருகும். அதிகமானால் பெடலைத் தளத்தோடு ஒட்ட அழுத்தினாலும் கிளச்சு முழுதும் விடுபடாது. கியர் கரகரவென்று சப்தமிடும். ஓட்டுபவர் மேலும் மேலும் பலங்கொண்டு உதைப்பார். அடிக்கோலை வைத்து அளந்து, இணைப்புக் கம்பியின் மறையைத் திருகிச் சரிசெய்ய ஒரு நாழிகைகூட ஆகாது. கிரீஸும் வெற்றாட்டமும் சரியாயிருந்தும் பெடல் கனத்தால் தேய்மானம் உள்ளேயிருக்கின்றது, பட்டறைக்கு அனுப்பவேண்டும். பெடலின் மேற்புறம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் சேற்றுக்கால் வழுக்கி முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதில் வரிக்கம்பி பற்றவைத்துக் கொள்ளல் நலம்.

ஓட்டும் முறை

கிளச்சின்மேல் பாதத்தை வைத்தபடியே ஓட்டுதல் பலருக்குப் பழக்கம். இதனால் பேரிங்கு தேய்வதுமன்றி, தொடைத் தசைக்கு ஒரு கணமும் ஓய்வில்லாமற் போகின்றது. மிதித்தபின் பாதத்தைத் தளத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். நெற்கட்டு ஏற்றவோ, ஆளிடம் பேசவோ நிற்கும்போது கிளச்சை அழுத்திக்கொண்டே நிற்காமல், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பிரேக்கைப் பூட்டவேண்டும். நிலத்துக்கு ஏற்ற கியரைத் துவக்கத்திலேயே தேர்ந்து, போக்கு முடியும்வரை மாற்றாதிருத்தல் வேண்டும். வயலில் வேகத்தைக் கை ஆக்ஸிலரேட்டரால் நிறுத்திக்கொண்டால் வலது காலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

மணிக்கொரு தரம் இறங்கிச் சில நிமிஷம் நடக்கவேண்டும். இறங்குவதிலும் ஒரு முறையுண்டு. மட்கார்டிலிருந்து துள்ளிக் குதிக்கும் இளைஞரைக் கண்டு பெரியவர்களும் குதிப்பதுண்டு. தேய்ந்த முழங்காலுக்கு இதைவிடக் கெடுதி வேறில்லை. டிராக்டரின் பக்கம் முகத்தைத் திருப்பி, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, படியில் வலியுள்ள காலை முதலில் இறக்கவேண்டும். ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்தல் வேண்டும்.

அபாயம்

இதுவரை கூறியது சௌகரியத்தைப் பற்றியது. இனிக் கூறுவது உயிரைப் பற்றியதாகையால் நிலச் சொந்தக்காரர் அவசியம் கவனிக்கவேண்டும். இரட்டைக் கிளச்சுள்ள டிராக்டர்களில் பெடலைப் பாதியளவு அழுத்தினால் சக்கரங்கள் மாத்திரம் நிற்கும். அதற்குமேல் கெட்டியாய்த் தடுக்கும் இடத்தையும் கடந்து முழுதும் அழுத்தினால்தான் பின்புறத்துப் பி.டி.ஓ. தண்டு ஓட்டத்திலிருந்து விடுபடும். முழங்கால் நோகும் ஆள் இப்பாதியிலேயே நின்றுவிடுவது இயல்பு. டிராக்டர் நின்றதைப் பார்த்து, ரோட்டவேட்டரில் சுற்றிய வைக்கோலை எடுக்க ஒருவர் பின்னால் கை வைப்பார். பி.டி.ஓ. தண்டோ நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று, சுழலும் தன்மையது. கையை இழுத்துக்கொள்ள அவகாசமேது? கிளச்சை நம்பி எவரும் பின்னால் செல்லலாகாது. பி.டி.ஓ. நெம்பை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே கருவியைத் தொடவேண்டும்.

மற்றொரு அபாயம், வலி சுருக்கென்று வெட்டும்போது கால் தன்னையறியாமல் பெடலை விட்டுவிடுவது. தாழ்ந்த கியரில், எஞ்சின் வேகமாய் ஓடுகையில், சேற்றில் புதைந்த பின்சக்கரத்தோடு கிளச்சு திடீரென்று பிடித்தால் டிராக்டரின் முன்புறம் மேலே தூக்கிப் பின்பக்கமாய் மல்லாந்துவிடக் கூடும். அதற்கு இரண்டு விநாடிகூட வேண்டாம். முழங்கால் பூட்டிக்கொள்ளுதல், நிற்கும்போது மடங்கி விழுதல், கிளச்சைத் தளம்வரை அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடிக்க முடியாமை ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் அவரை அன்று ஓட்ட விடலாகாது. எஞ்சினை நிறுத்திவிட்டு இக்கடைசிச் சோதனையைக் காலையில் ஒருதரம் செய்து பார்த்தல் எளிது. ஓட்டமுடியாத நாளுக்குச் சம்பளம் பிடிக்கும் இடங்களில் எந்த ஓட்டுநரும் உண்மையைச் சொல்லமாட்டார். அந்நாட்களில் வரப்பு வெட்டு மேற்பார்வை, கருவி பழுது பார்த்தல் முதலிய வேறு வேலை கொடுத்துச் சம்பளத்தைக் காப்பதே யஜமானருக்கும் லாபம்.

தேகத்தைப் பேணுதல்

தொடையின் முன்புறத் தசை வலுத்திருந்தால் முழங்காலின் சுமை குறையும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தவேண்டும். பத்து முறை, காலையும் மாலையும் இவ்வாறு செய்து வரலாம். வீக்கமும் சூடும் உள்ளபோது குளிர்ந்த ஒத்தடமும், விறைப்பு மாத்திரம் உள்ளபோது வெந்நீர் ஒத்தடமும் சுகமளிக்கும். கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கிவிட்டு ஸீட்டில் ஏறும் வழக்கம் பரவியிருக்கின்றது. இது வயிற்றில் புண் உண்டாக்கும். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய தேகத்தில் சிறுநீரகங்களையும் கெடுக்கும். மேலும் வலி மறைந்ததால் அதிகம் ஓட்டி முழங்காலை இன்னும் நலித்துக்கொள்வர். முழங்கால் திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருவதற்கு ஏற்பாடிருக்கின்றது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை ஓட்டுநர்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.

சொந்த உபயோகத்துக்குக் காரோ ஜீப்போ வைத்திருப்பவர்களுக்கும் ஸீட்டின் தூரம், பாதம் வைக்கும் முறை முதலியன பொருந்தும். காரில் பெடல் வரவரக் கனத்தால் கிளச்சு கேபிளையும் பிளேட்டையும் முதலில் பார்க்கவேண்டும். 2014-ஆம் வருஷம் முதல் இந்தியாவில் சிறு கார்களிலுங்கூடக் கிளச்சுப் பெடல் இல்லாத ஏ.எம்.டி. கியர் கிடைத்து வருகின்றது. விலை சற்று அதிகமாயினும் இடது முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அது தகும். வலது முழங்கால் நோவுக்கு இது பரிகாரமாகாது. பிரேக்கை அழுத்துவது எந்தக் காரிலும் வலது காலேயாம். நாற்பது வயது கடந்தபின் ஓட்டுநர் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவர் 1 ஏ பாரத்தில் வைத்தியரின் சர்ட்டிபிகேட்டு வைக்கவேண்டுமென்று மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அப்பாரத்தில் கையெழுத்து வாங்கப் போகும் அன்றே, முழங்காலையும் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டிவிடலாம்.