சாகாவரமும் சாவாமையும்

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்த பின்னர், நமது சங்கத்து அம்மையார் ஒருவர் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தார். பதினாறு வயதுடைய தம் மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து நாற்பது நாட்களே ஆகியிருந்தன. அவர் என்னிடம் கேட்டது இது: “அய்யா, மார்க்கண்டேயனுக்கும் பதினாறு வயதுதானே. அவன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான், எமன் தோற்றான். என் பிள்ளைக்குக் கட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் செய்தவள் நான்தான் என்று தெருவில் பேசுகிறார்கள். அது மெய்யா?”

மெய்யன்று என்று மட்டும் அன்று சொன்னேன். அது போதிய விடையன்று. ஆகவே இம்மாதப் பாடத்தை அக்கேள்விக்கே ஒதுக்குகின்றேன்.

பொய்யென்று தள்ளுவதற்கு முன், சாகாவரக் கதைகளை அவற்றின் சட்டப்படியே படித்துப் பார்த்தல் வேண்டும். இரணியன் பெற்ற வரத்தை நோக்குங்கள். பத்திரம் எழுதுவோனைப் போல் அவன் ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டு வருகிறான். மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் கூடாது, மண்ணிலும் விண்ணிலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. எல்லாம் அடைத்தாயிற்று என்று இறுமாந்தான். பகலுமிரவுமல்லாத அந்தியில், உள்ளும் புறமுமல்லாத வாசற்படியில், மனிதனும் மிருகமுமல்லாத ஒன்றின் மடிமேல் நகத்தால் கிழிபட்டு மாண்டான். இராவணன் தேவரையும் அசுரரையும் எண்ணி வரங் கேட்டு, மனிதனை இழிவென்று விட்டுவிட்டான், மனிதனாலேயே மடிந்தான். மகிடன் பெண்ணை மறந்தான். அமுதத்தையே வாயில் வாங்கிய ராகுவுக்கோ, அது தொண்டைக்குக் கீழே இறங்குமுன் தலை போயிற்று. தலை மட்டும் சாகாமல் இருக்கிறதாம்!

நம் பாட்டிமார் கதையில் அரக்கனின் உயிர் ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் ஒரு கிளிக்குள் இருந்தது. இக்காலத்துப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஹாரி பாட்டர் என்னும் ஆங்கிலக் கதையிலும், கொடிய மந்திரவாதி தன் உயிரைத் துண்டு துண்டாக்கிப் பல பொருள்களில் ஒளித்து வைக்கிறான். கிளியின் கழுத்தைத் திருகியதும் அரக்கன் வீழ்ந்தான். துண்டுகள் ஒவ்வொன்றாய் அழிந்ததும் மந்திரவாதியும் வீழ்ந்தான். நாடு வேறு, பாஷை வேறு, சட்டம் ஒன்றே.

அந்தச் சட்டம் யாது? சாகாவரம் எதுவாயினும் அது ஒரு நிபந்தனையைப் பற்றியே நிற்கிறது. நிபந்தனை முறிந்த நாழிகையில் வரமும் முறிகிறது. காரணத்தைச் சார்ந்து உண்டாகும் எதுவும் அக்காரணம் நீங்க நீங்கும் என்று பகவன் புத்தர் போதித்த சார்பினையன்றி இது வேறென்ன? கதை கட்டியோரும் தம் வீட்டிலே சாவைக் கண்டவர்களே. ஆகவே எத்துணைப் பெரிய வரத்திலும் ஓர் ஓட்டையை வையாமல் அவர்களால் கதையை முடிக்க இயலவில்லை. ஓட்டையில்லாத நீண்ட வாழ்வை அவர்கள் அசுவத்தாமனுக்குக் கொடுத்தார்கள். அதுவும் வரமாக அன்று, ஆறாப் புண்ணோடு அலையும் சாபமாக.

மார்க்கண்டேயன் கதையையும் முடிவு வரை கேளுங்கள். திருக்கடையூரில் எமன் உதைபட்டு வீழ்ந்தபின் உலகில் ஒருவரும் சாகவில்லையாம். பூமி பாரம் தாங்காமல் முறையிட்டதாம். பின்பு எமனை எழுப்பி வேலையிலே திரும்ப அமர்த்தினார்களாம். இந்தப் பகுதியைத் தெருவில் பேசுவோர் எடுத்துச் சொல்வதில்லை.

தேவர்கள் சாகாதவர் அல்லரோ எனில், நமது பாளி நூல்கள் அவர்களுக்கும் கணக்கு வைத்திருக்கின்றன. தாவதிம்ச தேவர்களுக்கு ஆயுள் ஆயிரம் தேவ வருடம். அவர்களது ஒரு நாள் நமக்கு நூறு வருடம். பெருக்கிப் பார்த்தால் 3 கோடியே 60 லட்சம் வருடம் வரும். மிக நீளந்தான், எனினும் எண்ணி முடிக்கக்கூடிய தொகை. அது முடியுங்கால் ஐந்து குறிகள் தோன்றுமென இதிவுத்தகம் கூறும். சூடிய மாலை வாடும், ஆடை அழுக்கடையும், அக்குளில் வியர்வை கசியும், மேனி நிறம் மங்கும், தன் ஆசனத்தில் இருப்புக் கொள்ளாது. அப்பொழுது மற்றைத் தேவர்கள் அவனை என்ன சொல்லி வாழ்த்தி அனுப்புகிறார்கள் தெரியுமோ? நற்கதி அடைக என்று. தேவருக்கு நற்கதி எதுவெனப் பிக்கு ஒருவர் வினவ, மானிடப் பிறப்பே என்று பகவர் விடையளித்தார்.

நம் வீட்டுக் கணக்கையும் மறைத்தல் ஆகாது. நான்கு இத்திபாதங்களைப் பயின்றவன் விரும்பின் ஒரு கற்பகாலம் வாழக்கூடும் என்று மகாபரிநிப்பான சூத்திரத்தில் வருகிறதே என்று வகுப்பில் இளைஞர் ஒருவர் கேட்டார். வருகிறது. ஆயினும் அதே சூத்திரத்தில்தான் எண்பது வயதான பகவர், கட்டுப்போட்டு ஓட்டும் பழைய வண்டிக்குத் தம் உடலை ஒப்பிடுகிறார். குசிநகரத்தில் இரு சால மரங்களுக்கிடையே கண் மூடுகிறார். கற்பமும் முடிவுடைய காலமே.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். அதைத் தமிழிலேயே ஒரு தாய் முன்னரே கேட்டிருக்கிறாள். மணிமேகலையின் ஆறாம் காதையில், சார்ங்கலன் என்னும் சிறுவன் புகார் நகரத்து இடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர் விட்டான். தாய் கோதமை அவனுடலைத் தழுவிக்கொண்டு காவல் தெய்வமாகிய சம்பாபதியை அழைத்தாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவனுயிரைத் தா, கண்ணில்லாத என் கணவனை இவன் காப்பான் என்றாள். அத்தெய்வம் வெகுளவில்லை, பொய்யும் சொல்லவில்லை. பிரிந்த உயிர் தன் வினைவழியே சென்றுவிடும் என்றது. உயிருக்கு உயிர் கொடுத்து மீட்க இயலுமாயின் அரசர்களுக்காக உயிர் கொடுப்பார் இல்லாமலா போனார்கள், அப்படியிருக்க இந்த இடுகாட்டில் அரசர்க்கு ஆயிரம் கோட்டங்கள் எழுந்தது ஏன் என்று கேட்டது. கோதமை விடவில்லை; தேவர்கள் வரந் தருவார் என மறையோர் சொல்கின்றனரே என்றாள். உடனே சம்பாபதி சக்கரவாளத்துத் தேவரையெல்லாம் அங்கே வரவழைத்தாள். அத்தனை பேரும் ஒரே விடையைச் சொன்னார்கள். அதன் பின்னரே கோதமை மகனை ஈமத்தில் ஏற்றினாள்.

தேவர் அனைவரும் கூடி நின்று ‘எங்களால் இயலாது’ என்று ஒப்புக்கொண்ட காட்சி இது. கடுகு கேட்டு வீடு வீடாய் அலைந்த கிசாகோதமியை யாவரும் அறிவர். தமிழில் இருக்கும் இந்தக் கோதமையை நம்மில் பலர் அறியார் என்பது எனக்குக் குறையே.

அதே நூலில் அமுதசுரபி இருக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அதைக் கையில் வைத்திருந்த ஆபுத்திரன் சாகாதிருந்தானா? ஆளில்லாத மணிபல்லவத்தில் கப்பல் அவனை விட்டுப் போயிற்று. பசித்தோர்க்கு ஈய இயலாத பாத்திரத்தால் என் உயிரை மட்டும் ஓம்புவதோ என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். தேவர் தமக்கென்று வைத்துக்கொண்டது ஓர் அமுதம். இது மற்றோர் அமுதம். பாளியில் அமதம், அதாவது சாவாமை, என்று பகவர் கூறியது நாட்களின் நீட்சியை அன்று. அவா, வெகுளி, மயக்கம் மூன்றும் அவிந்த நிலையை. அதில் நிபந்தனை இல்லை. ஆதலால் ஓட்டையும் இல்லை.

அம்மையே, தெருவில் பேசுவோர்க்கு நம் ஊரையே காட்டுங்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தவரும், சிலுவை இட்டுக்கொண்டவரும், பஞ்சசீலம் சொன்னவரும் ஒரே கூண்டில் இறங்கினார்கள். பாறை வெடித்தபோது அது யாரையும் மதம் கேட்கவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடும் வரை கல்லரைக்கும் மில்லில் வேலை செய்தவன் நான். அந்தத் தூசி எல்லார் நெஞ்சிலும் ஒரே வண்ணமாகவே படிந்தது. உங்கள் மகனைக் கொண்டுபோனது காய்ச்சல். அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை.

பிண்டம் வைக்கவில்லையே என்று உறவினர் வருந்துவதாகவும் அவர் கூறினார். 1956-ல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் சிரார்த்தமும் பிண்டமும் செய்யேன் என்பதும் ஒன்று. அதற்கு ஈடாக நமக்குத் தானம் உண்டு. மகன் பெயரால் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் சோறு ஆக்கிப் போடுவதாக அம்மையார் முன்வந்திருக்கிறார், இருமுறை நடந்தேறிற்று.

அடுத்த பௌர்ணமியன்று மாலை ஆறு மணிக்கு மணிமேகலையின் ஆறாம் காதை வாசிக்கப்படும். வாசிப்பவர் அவரே. அன்பர்கள் நூலுடன் வருக.