வவுணதீவுக் கோப்பு

அன்புள்ள மகள்,

உப பொலிஸ் பரிசோதகராகத் தெரிவாகிவிட்டாய் என்று அம்மா சொன்னா. சந்தோசம். துப்புத் துலக்கக் கற்பனையும் வேண்டுமா மாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் வேண்டும்.

நம் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையிலேயே அதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2018 நவம்பர் 30. வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுச் சோதனைச்சாவடியில் இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். அவர்களுடைய துப்பாக்கிகளைக் காணவில்லை. மூன்று நாளுக்கு முன்தான் புலிகளின் மாவீரர் நாள். இடமோ ஒருகாலத்தில் புலிகளின் கையில் இருந்த படுவான்கரை. புலனாய்வுக்காரருக்கு இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? பக்கத்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு ஜாக்கெட்டும் வந்து சேர்ந்தது. முன்னாள் போராளி ஒருவர் உள்ளே போனார்.

அந்தத் துப்பாக்கிகளைப் பற்றி யோசித்துப் பார். பழிவாங்க வந்தவன் கொன்றுவிட்டு ஓடுவான். ஆயுதம் தேவைப்பட்டு வந்தவனுக்கு அதை வைத்துச் செய்ய இன்னொரு வேலை இருக்கும். அது என்ன வேலை என்று யாராவது மினக்கெட்டு யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கத் தெரியாத பொலிஸ் என்றும் சொல்லமுடியாது. அடுத்த மாதம் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது, சி.ஐ.டி. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய், 2019 ஜனவரியில் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்களைக் கண்டெடுத்தது. சிலை உடைத்த பொடியன்களுக்குப் பின்னால் பெரிய கூட்டம் இருக்கலாம் என்று நினைத்தார்களே, அதுதான் நீ கேட்ட கற்பனை. வவுணதீவுக் கோப்பு மட்டும் வேறு அலுமாரியில் கிடந்தது.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வந்தது. நம் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் செத்தார்கள். அதற்குப் பிறகு, அந்தத் தாக்குதலை நடத்திய கூட்டத்தின் தலைவன் சஹ்ரானின் சாரதி பிடிபட்டு வாய் திறந்தபோதுதான், வவுணதீவும் அந்தக் கூட்டத்தின் வேலை என்று தெரிந்தது. முன்னாள் போராளி மே மாதம் வெளியே வந்தார்.

சம்பவ இடத்துக்குப் போனதும் மேலதிகாரி ஒரு பெயர் கேட்பார். சொல்லமுதல், 'இந்த ஆள் செய்யாவிட்டால் எதற்கெல்லாம் விளக்கம் இல்லை' என்று உன் குறிப்புப் புத்தகத்தில் எழுது. ஜாக்கெட் மாதிரி வசதியாகக் கிடைக்கும் சாமானை யார், எத்தனை மணிக்கு, யார் பார்க்க எடுத்தார் என்று முதலில் கேள்.

அதோடு பயிற்சிக்குப் போகமுதல் சிங்களத்தை நன்றாகத் திருத்திக்கொள். மொழிபெயர்ப்பாளர் வாயால் கேட்டால், சாட்சி எந்த இடத்தில் தயங்கினார் என்று உனக்குத் தெரியாது.

மாமா