கேம்ஸ் விளையாட கிராபிக்ஸ் கார்ட்: நடுத்தர விலையில் எதை வாங்குவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் மூன்று மாதத்திற்குள் ஒரு கோரிக்கை எழுந்துவிடும். "இதில் கேம் சரியாக ஓடவில்லை, கிராபிக்ஸ் கார்ட் போட வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பிப்பார்கள். கடைக்குப் போனால் 5,000 ரூபாயிலும் கார்ட் இருக்கிறது, ஒரு லட்சத்திற்கு மேலும் இருக்கிறது. எது நமக்கு ஏற்றது என்பதைத்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கின்றனர். நடுத்தர விலைக் கார்டுகளை மட்டும் இங்கு பார்க்கலாம். அறிமுகத்தின் போது 250 முதல் 450 டாலர் வரை விலை குறிக்கப்பட்டவற்றை நான் இந்த வகையில் சேர்க்கிறேன். நம் ஊரில் வரியும் டீலர் லாபமும் சேர்ந்து கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கு தரவில்லை.

முதலில், கார்ட் தேவையா என்று பாருங்கள். இன்றைய பிராசசர்கள் பலவற்றில் கிராபிக்ஸ் வசதி உள்ளேயே இருக்கிறது. வேலோரன்ட் போன்ற இலகுவான கேம்களை அதிலேயே ஆடிவிடலாம். ஆனால் இன்டெல் பிராசசர் எண்ணின் முடிவில் ‘எஃப்' என்ற எழுத்து இருந்தால் (கோர் ஐ5 12400எஃப் போல) அதில் இந்த வசதி கிடையாது. அங்கு கார்ட் இல்லாமல் திரையில் படமே வராது.

அடுத்து மானிட்டரைப் பாருங்கள். 1920க்கு 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 திரையில் சுமார் 37 லட்சம். 4கே என்றால் ஏறத்தாழ 83 லட்சம். ஒவ்வொரு பிரேமிலும் இத்தனை புள்ளிகளையும் கார்ட் கணக்கிட்டு வரைய வேண்டும். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடிதான். நடுத்தரக் கார்டுகளுக்குப் பொருத்தமானது முதல் இரண்டு வகைத் திரைகள். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் மட்டுமே காட்டக்கூடியது என்றால், விநாடிக்கு 150 பிரேம் தரும் கார்டுக்குச் செலவழித்து என்ன பயன்?

பெயர் ஒன்று, சரக்கு வேறு

இந்த இடத்தில்தான் பலர் பணத்தை இழக்கின்றனர். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

என்விடியா கார்டின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையையும், கடைசி இரண்டு இலக்கங்கள் தரத்தையும் குறிக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 என்றால் 40 தலைமுறை, 60 தரம். நடுத்தரம் என்பது பெரும்பாலும் இந்த 60தான். ஏ.எம்.டி.யும் 2025ல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யில் இதே முறைக்கு வந்துவிட்டது. ஆனால் எண் ஒன்றாக இருந்தாலே கார்டும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள்.

ஆர்.டி.எக்ஸ். 3060 கார்ட் 2021ல் 12 ஜிபி மெமரியுடன் வந்தது. 2022ல் அதே பெயரில் 8 ஜிபி கார்ட் ஒன்றும் வந்தது. மெமரி அளவு மட்டும் குறைந்தது என்று நினைப்போம். உண்மையில் மெமரிக்குச் செல்லும் பாதையின் அகலமும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்துவிட்டது. விநாடிக்கு 360 ஜிபி டேட்டா கடந்த இடத்தில் 240 ஜிபி மட்டுமே கடக்கும். நான்கு வழிச் சாலைக்கும் இரு வழிச் சாலைக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 3060 என்ற எண்தான்.

இன்னும் மோசமான உதாரணம் ஜி.டி. 1030. 2017ல் ஜி.டி.டி.ஆர்.5 மெமரியுடன் வந்தபோது அதன் வேகம் விநாடிக்கு 48 ஜிபி. 2018ல் அதே பெயரில் சாதாரண டி.டி.ஆர்.4 மெமரியுடன் வந்த கார்டில் அது 16.8 ஜிபி. மெமரி அளவு இரண்டிலும் 2 ஜிபிதான்! எனவே "எத்தனை ஜிபி?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வகை மெமரி, எத்தனை பிட் என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் டிகிரி முதல் ஆண்டு படிக்கும் ஒரு பையன், டியூஷன் எடுத்து எட்டு மாதம் சேர்த்த பணத்தில் ஒரு கார்ட் வாங்கி வந்தான். "அங்கிள், 4 ஜிபி என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் கேம் முன்பு போலவேதான் ஓடுகிறது" என்றான். திறந்து பார்த்தால் பழைய டி.டி.ஆர்.3 வகைக் கார்ட். மெமரி 4 ஜிபி என்பது உண்மைதான். ஆனால் அந்த நான்கு ஜிபியை நிரப்பிப் பயன்படுத்தும் வலிமை அந்தச் சிப்பிற்கு இல்லை. பிராசசரில் ஏற்கனவே இருந்த கிராபிக்ஸே அதற்கு ஈடாக இருந்தது. கடையில் "பெட்டியைப் பிரித்துவிட்டாய், திரும்ப எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டனர். அவன் போன்ற ஒருவருக்காவது இந்தக் கட்டுரை முன்கூட்டியே கையில் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

8 ஜிபி போதுமா?

போதும், போதாது என இரண்டு பதிலும் சரிதான். கவுண்டர் ஸ்டிரைக் 2, ஜி.டி.ஏ. 5 போன்றவை மட்டும் ஆடுவீர்கள் என்றால் 8 ஜிபி தாராளம். ஆனால் 2023ல் கம்ப்யூட்டருக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் போன்ற பெரிய கேம்களில், டெக்ஸ்சர் என்னும் மேற்பரப்புப் படங்களை உயர்ந்த நிலையில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுவதைப் பலர் கண்டனர்.

நிரம்பினால் என்ன ஆகும்? மீதமுள்ளவை கம்ப்யூட்டரின் சாதாரண ராம் மெமரிக்குப் போய்விடும். அங்கிருந்து எடுத்துவர மதர்போர்ட் ஸ்லாட் வழியாகத்தான் வர வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4060ன் சொந்த மெமரி வேகம் விநாடிக்கு 272 ஜிபி. இந்தக் கார்ட் ஸ்லாட்டில் 16 வழிகளில் எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 உள்ள பழைய மதர்போர்டில் அந்த எட்டு வழியில் ஒரு திசையில் வருவது விநாடிக்கு சுமார் 8 ஜிபி. 272 எங்கே, 8 எங்கே! ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென்று திக்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

2025ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ., ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ஆகிய இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் வெளியாயின. இரண்டு வகைக்கும் அறிவிக்கப்பட்ட விலை வேறுபாடு 50 டாலர். நான்கைந்து ஆண்டுகள் கார்டை மாற்றப் போவதில்லை என்பவர்கள் 16 ஜிபி வாங்குங்கள் என்பேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கேம் மட்டுமே நோக்கம், சேமிக்கவும் வேண்டும் என்றால் இந்த இரண்டில் என் ஓட்டு 9060 எக்ஸ்.டி. 16 ஜிபிக்கு. அது 16 வழிகளையும் பயன்படுத்துவதால் பழைய மதர்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் நல்லது.

இன்டெல் 2024 டிசம்பரில் 249 டாலர் விலையில் கொண்டுவந்த ஆர்க் பி580ல் 12 ஜிபி மெமரி இருக்கிறது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாவிட்டால் அதன் வேகம் நன்றாகவே குறைந்துவிடும். பழைய கம்ப்யூட்டருக்கு இது வேண்டாம்.

மின்சாரக் கணக்கு

ஸ்லாட் மூலம் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்ஸ் கிடைக்கும். அதற்கு மேல் தேவை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வேண்டும். 6 பின் ஒயர் 75 வாட்ஸ், 8 பின் ஒயர் 150 வாட்ஸ் தரும்.

கேபினட்டுடன் இலவசம் போல வரும் எஸ்.எம்.பி.எஸ்.களில் ‘450' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்ஸ்தான். ஆர்.டி.எக்ஸ். 3060க்கு மட்டும் 170 வாட்ஸ் தேவை. பிராசசருக்கு 65 வாட்ஸ் சேர்த்தால் கணக்கு உதைக்கிறது அல்லவா? கார்ட் பட்ஜெட்டில் ஒரு பகுதியை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒதுக்கிவிடுங்கள். 4060க்கு 115 வாட்ஸ் போதும் என்பது அதன் பெரிய பிளஸ் பாயின்ட். வீட்டில் 600 வி.ஏ. யு.பி.எஸ். வைத்திருந்தால் அது தாங்குவது சுமார் 360 வாட்ஸ். மானிட்டரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அலுவலகங்களில் பயன்படுத்திய சிறிய பிராண்டட் கம்ப்யூட்டரைப் பழைய விலைக்கு வாங்கியவர்களுக்கு இந்த ஒயரே இருக்காது. இவர்களுக்கு 2024ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி கார்ட் உண்டு. இதுவும் 2022ல் வந்த 8 ஜிபி 3050 கார்டின் பெயரில் வந்த குறைந்த சரக்குதான். ஆனால் 70 வாட்ஸ் மட்டுமே தேவை என்பதால் தனி ஒயர் இல்லாமலே ஓடும். வாங்கும் முன் கேபினட்டை டேப்பால் அளந்து, கார்டின் நீள உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

பழைய கார்ட் வாங்கலாமா?

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவை என்று சொல்லமாட்டேன். உங்கள் கண்ணெதிரே ஒரு கேமை 15 நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். பழைய சிப்பிற்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் போலிகளும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராம் போலிக் கார்டுகள் பலவற்றைக் கண்டுபிடித்துக் காட்டிவிடும். பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் வாங்கினால் பில்லில் கார்டின் முழுப் பெயர், மெமரி அளவு, சீரியல் எண் மூன்றையும் எழுதி வாங்கவும். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

கார்டை மாட்டியபின் மானிட்டர் கேபிளைக் கார்டின் பின்புறம் உள்ள போர்ட்டில் செருகுங்கள். மதர்போர்ட் போர்ட்டிலேயே விட்டுவிட்டு "கார்ட் வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் தூக்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்னர் கார்ட் தயாரித்த நிறுவனத்தின் இணைய தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவவும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பிரிவில் ஜி.பி.யு. என்பதைக் கிளிக் செய்தால், டெடிகேட்டட் மெமரி எவ்வளவு என்று தெரியும். கார்டின் சொந்த மெமரி அதுதான். அருகில் ஷேர்டு என்று காட்டப்படுவது உங்கள் ராமிலிருந்து கடன் வாங்குவது. கடைக்காரர் இரண்டையும் கூட்டிச் சொல்லியிருந்தால், பில்லோடு உடனே திரும்பிப் போங்கள்.